அரங்கத்துக்கு யாரைக் கூப்பிடுவது: வில்லா, மகுடமா, நாகஸ்வரமா, ஆர்க்கெஸ்ட்ராவா?

எங்கள் கல்லூரி பாளையங்கோட்டைப் பக்கம். அரங்கம் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. 600 பேர் உட்காரலாம், முழுக்க ஏசி. அதில் அதிகமாக நடந்தது பட்டமளிப்பு விழாவும் ரத்ததான முகாமும்தான். எப்போதாவது ஒரு கலைநிகழ்ச்சி நடந்தால் அதுவும் ஏதாவது ஒரு விழாவின் வாலாக நடக்கும்.

போன ஜூனில் முதல்வர் எங்கள் கலைக்குழுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் மகன் அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே 1969-இல் திறந்த கிரானெர்ட் மையம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரே கூரைக்குக் கீழே பல அரங்குகள். படிப்பு வருஷத்தோடு சேர்ந்து சீசன் தொடங்குகிறது. எந்த ராத்திரி யார் வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், மொத்தமாகச் சந்தா கட்டினால் டிக்கெட் மலிவு. மகனைப் பார்க்கப் போனவர் அந்தக் கையேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “நாமும் ஒன்று போடுவோம். நாலு ராத்திரி. பட்ஜெட்டுக்குள்ளே” என்றார்.

நாலு ராத்திரிக்கு ஏழு பெயர் வந்தது: வில்லுப்பாட்டு, கணியான் கூத்து (மகுடம் என்ற தோல்பறை அடித்து, கதை பாடி ஆடுவது), நாகஸ்வரம், வாய்ப்பாட்டுக் கச்சேரி, நாடகம், பட்டிமன்றம், சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா. இதை எடுக்க வேண்டுமானால் அதை விட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டது நானும் இயற்பியல் துறை நண்பரும். அவருக்குக் கலை தெரியாது, ஆனால் ஒலி தெரியும். அது பெரிய உதவியாக இருந்தது.

பட்டியலைத் தொடும் முன்னால் ஒரு சங்கதி. சீசன் என்பதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய ஊர் இல்லை இது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் இருக்கின்றன, நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. அதையும் விடுங்கள். பங்குனி பிறந்ததும் கொடை, அதாவது சுடலைமாடன் போன்ற ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் திருவிழா, தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி, அப்புறம் ஆடி. பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளி. சந்தாவும் உண்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் அதற்குப் பெயர் தலைக்கட்டு வரி. வரி கட்டாத பக்கத்து ஊர்க்காரனும் வந்து மணலில் துண்டை விரித்துக் கொள்ளலாம் என்பதுதான் வித்தியாசம். அந்த மாதங்களில் செவ்வாய்க்கிழமை வில்லுக்காரர்களைப் பிடிக்கவே முடியாது. கல்லூரிக்கோ ஏப்ரலில் தேர்வு, மே முழுக்க லீவு. ஆகவே கலைஞர்கள் ஓய்வாக இருக்கும் மாதமும் நமக்கு வகுப்பு நடக்கும் மாதமும் சேருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். கொடைக் கலைஞர்களில் யாரைக் கூப்பிட்டாலும் அந்த மூன்று மாதத்துக்குள் கூப்பிட வேண்டும்.

இப்போது வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும். இரண்டுமே கொடைக்குச் சொந்தமானவை, சுடலைமாடன் கதை இரண்டிலும் உண்டு. ‘நாட்டுப்புறக் கலை’ என்று ஒரே வரியில் எழுதி ஏதாவது ஒன்றைக் கூப்பிட்டால் போதும் என்றுதான் குழுவில் பாதிப் பேர் நினைத்தார்கள். அரங்கத்துக்குள் வந்ததும் இரண்டும் நடந்துகொண்ட விதமே வேறு.

வில்லில் கோயில் வில்லு ஒன்று, மேடை வில்லு ஒன்று. கோயில் வில்லில் கதையின் வேகம் தலைமைப் பாடகரான புலவர் கையில் இல்லை. அலங்காரம் முடியவில்லை என்றால் கதையை இழுக்க வேண்டும், மேளம் வந்துவிட்டால் நிறுத்த வேண்டும், நடுராத்திரி நடக்கும் சாமக்கொடையில் சாமியாடி எழும்புகிற நேரத்துக்கு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு சரியாக வந்து நிற்க வேண்டும். மேடை வில்லுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை வில்லில் பாடிய காலத்திலேயே அது கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. நெல்லைச் சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னை மேடைகளில் ஊன்றவே வைத்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருஷம் காலமானார். அரங்கத்துக்கு ஏற்றபடி ஒடுங்கிக்கொள்ள வில்லுக்குப் பழக்கம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு குழுவை வரவழைத்தோம். தலைமைப் புலவர் ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும். மேடை ஏறியதும் முதலில் கேட்டது, “சாமி எங்க வச்சிருக்கிய?” கோயிலில் சன்னதியைப் பார்த்துத்தான் வில்லு வைப்பார்கள். இங்கே சாமி இல்லை என்றதும் முன்வரிசையைப் பார்த்தார். சிறப்பு விருந்தினருக்குப் போட்டிருந்த சிவப்பு சோபா இருந்தது. “அப்ப அந்த சோபாவைப் பாத்துதான் பாடணும், என்ன?”

வில்லின் நடுவயிறு மண்குடத்தின் கழுத்தில் உட்காரும். குடத்துக்குக் கீழே பிரிமணை. வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் தொங்கும் மணிகள் அத்தனையும் சேர்ந்து குலுங்கும். எங்கள் மைக்காரர் உற்சாகத்தில் குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, ஜால்ராவுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று என்று மைக் வைத்துவிட்டார். பத்தையால் குடத்தின் வாயில் ஒரு அடி அடித்ததும் அரங்கமே ஊளையிட்டது. பாட்டில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நண்பர் மேடையேறி நாலு மைக்கையும் பிடுங்கினார். புலவருக்கு ஒன்று, இடப்பக்கம் பாடுகிறவருக்கு ஒன்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மணியின் சத்தம் மணியின் சத்தமாக வந்தது.

கதை முத்துப்பட்டன். பிராமணப் பையன் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவர்மேல் ஆசைப்பட்டு, குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துக் காட்டி அவர்கள் அப்பா வாலப்பகடைக்கு மருமகனாகிறான். கடைசியில் மாமனாரின் மாட்டைக் களவாடியவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டார்கள். வரிக்கு வரி இடப்பக்கத்துக்காரர் “ஆமா” போட்டுக்கொண்டே வர, முக்கால் மணி நேரத்தில் விடுதிப் பையன்களும் பின்வரிசையிலிருந்து “ஆமா” போட ஆரம்பித்தார்கள். முதலில் கேலிக்குத்தான் போட்டார்கள். பட்டன் பூணூலை அறுக்கிற இடத்தில் கேலி நின்றுவிட்டது, “ஆமா” மட்டும் தொடர்ந்தது.

கணியான் கூத்தை அதற்கு முந்தைய வருஷமே ஒருமுறை முயன்றோம். அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடம். மகுடம் இரண்டு; ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, சுருதிக்கு வந்த பிறகுதான் தொடங்குவார்கள். அரங்கத்துக்குள் தீ கூடாது என்பது விதி. வாகன நிறுத்துமிடத்தில் சருகைக் கொளுத்திக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். ஏசியில் இருபதே நிமிஷத்தில் தோல் இறங்கிவிட்டது. தலைமைப் பாடகரான அண்ணாவி காதில் கையை வைத்து உச்சியில் பாடிக்கொண்டிருக்கிறார், மகுடமோ சப்பென்று அடிக்கிறது. மறுபடி வெளியே ஓடினார்கள். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் நன்றியுரையைத் தொடங்கிவிட்டார்.

பெண் வேஷம் கட்டி ஆடுகிற இருவரைப் பார்த்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். எங்கள் அம்மா ஊர்க் கொடையில் நான் சிறுவயதில் பார்த்தபோதும் விசில் இருந்தது, ஆனால் ஆடுகிறவர் விசிலடித்தவன் முன்னால் வந்து நின்று ஒரு பதில் சொல்வார், ஊரே சிரிக்கும். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருந்தால் எப்படிப் பதில் சொல்வது? அதற்கெல்லாம் மேலே கைவெட்டு. சாமக்கொடையில் சுடலைக்காகக் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுப்பார். “அதையும் காட்டுவாங்களா?” என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் அண்ணாவியிடமே கேட்டுவிட்டார். “அது காட்டுறதுக்கு இல்ல சார். குடுக்கிறது.” பணத்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போய்விட்டார். அரங்கத்துக்கு வில்லு வரலாம், கணியான் கூத்தை அங்கே கொண்டுவரக் கூடாது என்பது என் தீர்மானம். குழுவில் இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வில்லிலும் ஒன்று குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இதே பட்டன் பட்டவராயனாக நிற்கிறான், அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே போனவர்களுக்கு அந்தக் கதை முடிவதே இல்லை. எங்கள் அரங்கத்தில் பட்டன் செத்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நாகஸ்வரமா, வாய்ப்பாட்டா என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. பாடகர் சென்னையிலிருந்து வர வேண்டும். பக்கவாத்தியம், ரயில், தங்கும் அறை. அந்தச் செலவில் உள்ளூர் நாகஸ்வரத்தை இரண்டு தடவை கூப்பிடலாம். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமையில் நாகஸ்வரத்தைக் கல்யாண மண்டபத்துச் சத்தமாக மட்டும் தெரிந்துகொண்டு ஒரு பையன் பட்டம் வாங்கிப் போகிறான் என்பது எனக்குத் தாங்கவில்லை. 1921-இல் பிறந்தவர் அவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே’ இன்றைக்கும் டீக்கடையில் கேட்கிறது. 1964-இல் போய்விட்டார்.

மூடிய அரங்கில் நாகஸ்வரம் காதைக் கிழிக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். அது வீதிக்கான வாத்தியம், சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்தால் தேர் நிலைக்கு எட்டும். நண்பர் ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தார். மைக்கே இல்லாமல், தவிலை ஒரு முழம் பின்னால் தள்ளி, கடைசி வரிசையில் நான் உட்கார்ந்தேன். ஆலாபனையில் வித்வான் மூச்சை அடக்கி வாசித்த கீழ்ஸ்தாயி எனக்கு எட்டியது. வீதியில் ஒருநாளும் அது கேட்டதில்லை. ஏசி காற்றில், வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்கிறது என்று மட்டும் சொன்னார். ஏசியைக் குறைத்துவிட்டோம். வாய்ப்பாட்டுக் கட்சிக்காரர்களுக்கு ஆறுதலாக ஒரு தீட்சிதர் கிருதியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில்தான் மறைந்தார், அவர் உருப்படிகளைச் சுரப்படுத்திய சுப்பராம தீட்சிதரின் பெரும் நூலும் 1904-இல் அங்கேதான் அச்சானது. 1986 வரை எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டம்தானே. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வித்வான்களுக்குச் சாயங்காலம் ஓய்வு. தேதியும் பிரச்சினை இல்லை.

நாடகத்துக்கு எதிரே பட்டிமன்றம். பட்டிமன்றம் கூட்டம் சேர்க்கும், சிரிக்கவும் வைக்கும், ஆனால் அதற்கு அரங்கம் எதற்கு, டிவியே போதும். நாடகத்துக்கு நான் சொன்னது ‘மனோன்மணீயம்’. பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. அந்தப் பெயரைச் சான்றிதழில் வாங்கிக்கொண்டு போகும் பையன்களுக்கு ‘நீராருங் கடலுடுத்த’ தெரியும், அது ஒரு நாடகத்தின் முன்னால் வரும் வாழ்த்து என்பது தெரியாது. 1891-இல் வந்த நாடகம். கதையில் ஜீவக பாண்டியன் அமைச்சன் குடிலனின் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக்கொண்டு உட்காருகிறான். நம் ஊரிலேயே நடக்கிற கதை! கஷ்டம் என்னவென்றால் முழுக்கச் செய்யுள், ஐந்து அங்கம். நடிப்பதைவிடப் படிக்கவே எழுதியது போலத் தோன்றும். குடிலன் வருகிற காட்சிகளை மட்டும் எடுத்துத் தமிழ்த் துறை மாணவர்களே போடட்டும், ஒன்றேகால் மணி நேரத்துக்குள். செலவும் வேஷத்துக்கு மட்டும்தான்.

ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி என்ன சொல்ல? டிக்கெட் போட்டாலும் அரங்கம் நிறையும். போன தடவை பேஸ் அதிர்வில் கூரைத் தகடு ஒன்று கழன்று விழுந்தது, நல்லவேளை யாரும் கீழே இல்லை. எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஆகஸ்டில் முதல் ராத்திரியே அதுதான் என்று நானே எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் வில்லுக்கும் நாகஸ்வரத்துக்கும் கொடுக்க வேண்டிய சன்மானம் அந்த டிக்கெட்டில் வந்துவிடும். ஐப்பசியில் வில்லு, மார்கழியில் கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் நாகஸ்வரம், மாசியில் நாடகம். நாலு ராத்திரி முடிந்தது.

அச்சுக்குப் போகும் கையேட்டில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பங்குனிக் கடைசிச் செவ்வாய், கணியான் கூத்து, எங்கள் அம்மா ஊர்க் கொடை, கல்லூரிப் பேருந்து ராத்திரி எட்டு மணிக்குப் புறப்படும். முதல்வர் அந்த வரிக்கு மேலே பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறார். சாமக்கொடை முடிந்து விடிகாலை நாலு மணிக்குப் பெண் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பினால் வார்டன் பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்கிறார்.