எம்ஆர்ஐ, டாட்ஸ்கேன், எஃப்-டோபா பெட்: பார்க்கின்சன் சந்தேகத்துக்கு எந்தப் படம்?

கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது என்று நரம்பியல் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் அவர் ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்வார்; தட்டத் தட்ட அசைவு சிறுத்துக்கொண்டே வருகிறதா என்று கவனிப்பார். மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றி இறுக்கம் பார்ப்பார். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்கு நல்ல பலன் தெரிந்தால் அது பார்க்கின்சன்தான் என்பது இன்னும் உறுதியாகும். இப்படித் தெளிவாக இருப்பவருக்கு விலை உயர்ந்த ஸ்கேன் தேவையில்லை என்பதே என் கருத்து. குழப்பம் இருக்கும்போதுதான் எதை எடுப்பது என்ற கேள்வியே வருகிறது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எம்ஆர்ஐதான். "எம்ஆர்ஐ நார்மல், அதனால் பார்க்கின்சன் இல்லை" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் பார்க்கின்சன் உள்ளவருக்கு வழக்கமான எம்ஆர்ஐ நார்மலாக வருவதே இயல்பு. அதன் வேலை மற்றவற்றை விலக்குவது: சிறு பக்கவாதங்கள், கட்டி, மூளையில் நீர் தேங்குதல். பார்க்கின்சன் போலவே தொடங்கும் பிஎஸ்பி நோயில் நடுமூளை சுருங்குவதையும் அது காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு கிடையாது. ஆகவே முதல் படம் எதுவென்றால் எம்ஆர்ஐ. ஆனால் பார்க்கின்சனில் குறைவது, அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள்; அவை குறைந்திருக்கின்றனவா என்ற கேள்வியை எம்ஆர்ஐயிடம் கேட்கக் கூடாது.

அந்தக் கேள்விக்கு வந்ததுதான் டாட்ஸ்கேன். ஐரோப்பாவில் 2000-லும், அமெரிக்காவில் 2011-லும் ஒப்புதல் பெற்றது. தைராய்டைக் காக்க முதலில் அயோடின் மருந்து தருவார்கள். அப்புறம் கதிரியக்க அயோடின்-123 சேர்ந்த ஊசி. 3 முதல் 6 மணி நேரம் காத்திருந்து, உடம்பிலிருந்து வரும் கதிர்களைப் படம்பிடிக்கும் ஸ்பெக்ட் கேமராவில் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். டோபமைனை மீண்டும் உள்ளிழுக்கும் புரதத்தில் அந்த மருந்து ஒட்டிக்கொள்ளும். சரியாக இருந்தால் இரு பக்கமும் காற்புள்ளி போன்ற ஒளி தெரியும். நரம்பு முனைகள் குறைந்திருந்தால் வால் மறைந்து முற்றுப்புள்ளி ஆகிவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும்.

எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கமா, பார்க்கின்சனா என்று தடுமாறும் இடத்தில் இது உண்மையாகவே உதவுகிறது. மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்திலும் இறுக்கத்திலும் படம் பொதுவாக நார்மலாகவே இருக்கும், சிகிச்சையே மாறிவிடும். ஆனால் பார்க்கின்சனையும், அது போலவே தோன்றும் பிஎஸ்பி, எம்எஸ்ஏ போன்ற வேறு மூளை நோய்களையும் இதனால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. மூன்றிலும் முற்றுப்புள்ளிதான்.

எஃப்-டோபா என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் படம் இன்னும் கூர்மை, காத்திருப்பும் குறைவு. அமெரிக்க ஒப்புதல் 2019-ல். டோபமைனைத் தயாரிக்கும் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே இது அளக்கிறது. சிக்கல் அங்கேதான்: நோயின் தொடக்கத்தில் மிச்சமிருக்கும் நரம்புகள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டும், அதனால் இழப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். இதில் சேரும் ஃப்ளூரின்-18 கதிரியக்கம் சிதைந்து சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அயோடின்-123-க்கு அது 13 மணி நேரம். தயாரிக்கும் இடம் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பெட் சாத்தியம். நடுக்கத்தின் காரணம் தெரிய வேண்டும் என்பது மட்டும் கேள்வி என்றால் டாட்ஸ்கேனே போதும், பெட் தேடி அலைய வேண்டாம் என்பேன்.

படத்தை வைத்து நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறதா என்று அளக்க ஆசைப்படுகிறவர்கள் எல்டோபா ஆய்வை அறிய வேண்டும். 2004-ல் வெளியான அதில் 361 பேர் 40 வாரம் லெவோடோபாவோ வெற்று மாத்திரையோ எடுத்தார்கள். மருந்தை நிறுத்தி 2 வாரம் கழித்துச் சோதித்தபோதும், லெவோடோபா எடுத்தவர்களின் அசைவு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. டாட்ஸ்கேன் போன்ற மூளைப்படம் எடுக்கப்பட்ட 142 பேரிடமோ, லெவோடோபா எடுத்தவர்களுக்கே நரம்பு முனைகளின் குறைவு கூடுதலாகத் தெரிந்தது! படம் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொன்னது. மருந்தே ஒட்டும் புரதத்தை மாற்றிப் படத்தைக் குழப்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த 142 பேரில் 21 பேருக்கு, பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் முடிவு செய்து சேர்த்திருந்தும், படத்தில் குறைவே இல்லை. எனவே மாத்திரை பலன் தருகிறதா என்பதற்கு, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, இரவில் புரண்டு படுக்க முடிகிறதா என்று நோயாளி சொல்வதையே நான் மேலாக வைப்பேன்.

டாட்ஸ்கேனுக்குப் போகும்முன் எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான், கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்றவை படத்தைக் கெடுக்கும். லெவோடோபாவைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. எஃப்-டோபாவுக்கு மட்டும் பார்க்கின்சன் மருந்துகளை சுமார் 12 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.