கலியாணத் தாம்பூலப் பைக்கு "தோட்டத்துச் சோப்பு" ஓடர் கொடுக்கப் போகிறவர்களுக்கு

போன ஆவணியில் ஹட்டனில் தங்கச்சி கலியாணம் முடிந்து நான்காம் நாள் காலை, பெரியம்மா போன் எடுத்தார். "மகள், அந்தப் பையில குடுத்தீங்களே ஒரு சோப்பு, அது என்ன சோப்பு? மூஞ்சி தீயா எரியுதும்மா." அன்று பின்னேரத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து அதே பேச்சு. ஒரு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கு முதுகெல்லாம் சிவந்து போயிருந்தது. மொத்தம் 150 பை கொடுத்திருந்தோம், எல்லாம் எங்கள் கையாலேயே, கும்பிட்டுக் கொடுத்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தாம்பூலப் பையில் வழக்கமான பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், நம் மலையில் நம் ஆட்கள் செய்த பொருளாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவள் நான்தான். எங்கள் பக்கத்திலேயே ஒரு சிறு வியாபாரம் இருக்கிறது என்று தெரியவந்தது. கையால் செய்த கிறீன் டீ சோப்பு, சுத்தமான கித்துள் பாணி, மூலிகை எண்ணெய். இரசாயனம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு நியாயமான கூலி என்று எழுதியிருந்தார்கள். உறையில் கூடை சுமந்த ஓர் அம்மாவின் படம். அந்தப் படம்தான் என்னை மயக்கியது. எங்கள் அம்மாவும் அப்படிக் கூடை சுமந்துதான் எங்களைப் படிக்க வைத்தார்.

ஒரு பை 650 ரூபாய், 150 பைக்கு 97,500 ரூபாய். அம்மாவின் ஈ.பி.எஃப் பணத்திலிருந்து எடுத்தோம். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, 1350 ரூபாய். கணக்குப் போட்டால் 72 முழுப் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற 72 நாள்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஓடர் கொடுத்தேன். "பிரச்சினையே இல்ல அக்கா, பத்து நாள்ல தாறோம்" என்றார்கள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏன் என்பது பிறகுதான் புரிந்தது.

பண்டாரவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பல வருடமாக வீட்டில் சோப்பு செய்து விற்கிறார். மிஞ்சியிருந்த ஏழெட்டுச் சோப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போனேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து முதலில் ஓரத்தை நகத்தால் கீறினார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே வெள்ளைப் பொடி, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. விரலை நனைத்துச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் தொட்டார். உடனே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. கோஸ்டிக் சோடா அப்படியே நிக்குது."

அவர் விளக்கியது இது. கட்டிச் சோப்பு எது என்றாலும், கையால் செய்ததோ கொம்பனி செய்ததோ, கோஸ்டிக் சோடா போன்ற காரம் இல்லாமல் சோப்பு ஆகாது. ஆகவே "இரசாயனமே இல்லாத சோப்பு" என்று யாராவது சொன்னால் அது பொய். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 180 கிராம் அளவு கோஸ்டிக் சோடா போகும். நிறுவை சரியாக இருந்தால் அது எண்ணெயோடு சேர்ந்து முழுவதும் சோப்பாக மாறிவிடும், காரம் மிஞ்சாது. தராசு இல்லாமல் கை மதிப்பில் போட்டால், அல்லது சரியாகக் கலக்காமல் ஊற்றினால், மிஞ்சிய காரம் தோலைத் தின்னும். பிறகு சோப்பை வெட்டித் தட்டில் அடுக்கி நான்கு முதல் ஆறு கிழமை காய விட வேண்டும். நம்முடைய குளிருக்கும் மூடுபனிக்கும் அதற்கு மேலும் ஆகுமாம். "கையால செய்யிறவங்க யாரும் பத்து நாள்ல 150 சோப்பு புதுசா செஞ்சு குடுக்க மாட்டாங்க. காய்ஞ்சது கையிருப்பில இருந்தா தருவோம், இல்லன்னா ஏலாதுன்னு சொல்லுவோம்" என்றார்.

வீட்டில் அம்மா சோப்பில் மஞ்சள் தூள் தூவிப் பார்த்து, சிவந்ததும் விஷம் என்றே முடிவு கட்டியிருந்தார். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். நல்ல சோப்பிலும் கொஞ்சம் காரத்தன்மை இருக்கும், அதனால் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும், ஆலாத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அது போல. யாருக்காவது தோல் எரிந்தால் தேசிக்காய், வினாகிரி எதுவும் பூச வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். பெரியம்மாவுக்கு இரண்டு கிழமை தோல் உரிந்தது. பிள்ளைக்கு இப்போது சுகம்.

பச்சை நிறம் கிறீன் டீயா என்றும் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "தேயிலையப் போட்டா சோப்பு தவிட்டு நிறத்துக்குத்தான் வரும்" என்றார். எங்கள் வீட்டு வெள்ளைத் துவாய் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

உறையைக் கழற்றித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வெளியே பழுப்புக் கடுதாசி, உள்ளே ஒட்டியிருந்தது மெல்லிய பொலித்தீன். கடுதாசி கரைந்து போனது, பொலித்தீன் அப்படியே மிதந்தது. எண்ணெயை 10 மில்லிலீற்றர் பக்கற்றில் கொடுத்திருந்தார்கள். உணவும் மருந்தும் தவிர மற்றப் பொருட்களுக்கு 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைவுமான அந்தச் சின்னப் பக்கற்றுகளை இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் தடை செய்திருக்கிறார்கள். சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று அச்சடித்தவர்கள் கொடுத்ததே தடை செய்த பொருள். ஓடையில் அடைத்துக் கிடக்கிற அந்தக் குப்பையில் என் தங்கச்சி கலியாணமும் சேர்ந்துவிட்டதே என்று நினைக்க வயிறு எரிகிறது.

அப்புறம் பாணி. அப்பா கினிகத்தேனை, கித்துல்கல வழியில் கித்துள் இறக்குகிறவர்களிடம் பழைய சாராயப் போத்தலில் வாங்கிப் பழகியவர். தயிரில் ஊற்றி ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். புகை வாசம் இல்லை, கித்துள் மணம் இல்லை, வெறும் இனிப்பு. ஏழெட்டு லீற்றர் கித்துள் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி மிஞ்சும். ஒருவர் உயிரைப் பிடித்துக்கொண்டு மரமேறிச் சீவி இறக்குகிற பொருள் அது. மலிவாக எப்படிக் கிடைக்கும்? போத்தலின் அடியில் சீனியும் கட்டியிருந்தது. நல்ல பாணியும் சில நேரம் சீனி கட்டும், ஆகவே அதை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. உறையில் சேர்மானம் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை, விலாசமும் இல்லை. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒரு போத்தலைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

எல்லாவற்றையும் விட என்னால் பொறுக்க முடியாதது அந்தப் படம். கலியாணத்துக்கு வந்த ஒருவர் அந்த அம்மாவை அடையாளம் கண்டார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு உறையை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது நான்தான். மலையில ஒரு தம்பி வந்து படம் புடிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு பிஸ்கட் பக்கட் குடுத்துச்சு. சோப்பா? எனக்கு ஒண்ணும் தெரியாதே மகள்." அந்தத் தோட்டத்தில் சோப்பு செய்கிற பெண் ஒருவரும் இல்லை, கூலி வாங்கியவரும் இல்லை.

வியாபாரம் செய்தவர்களைக் கேட்டபோது முதலில் "உங்களுக்கு அலர்ஜி" என்றார்கள். படத்தைப் பற்றிக் கேட்டதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

"கலியாண வீட்டுக் காரியம், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்று வீட்டில் தடுத்ததில் இரண்டு மாதம் வீணாகப் போனது. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. 1977 என்ற அவர்களுடைய போன் இலக்கத்துக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். என்னிடம் பில் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வட்ஸ்அப் செய்திகளையும் வங்கியில் பணம் போட்ட சீட்டையும் வைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் பில் கேட்டு வாங்குங்கள். எப்போது செய்த சோப்பு, எங்கே செய்கிறீர்கள், வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பண்டாரவளை அக்கா கேட்காமலே என்னைத் தன் அடுப்படிக்குக் கூட்டிப் போய்த் தராசையும், திகதி எழுதி அடுக்கிய தட்டுகளையும் காட்டினார்.

எங்கள் கலியாணத்துக்கு வந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தச் சோப்பை ஒருவரும் பாவிக்க வேண்டாம், துணி துவைக்கவும் வேண்டாம். பாணிப் போத்தல் திறக்காமல் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் எடுங்கள். பி.எச்.ஐ. இன்னும் இரண்டு போத்தல் கேட்டிருக்கிறார், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.