யன்னலோரம் நாலு நாள் இருந்த கல்

மகளுக்கு மோதிரம் செய்ய வேண்டும். நீலம் வேண்டாம், அது எல்லார் விரலிலும் கிடக்கிறது, பத்பராட்சாதான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பழைய நூல்களில் பதுமராகம் என்றால் மாணிக்கத்தில் ஒரு வகை. இன்று இலங்கைச் சந்தையில் அந்தப் பெயரின் வழியில் வந்த பத்பராட்சா, றோசும் செம்மஞ்சளும் கலந்த, கொரண்டம் என்ற கனிமக் கல். நீலமும் மாணிக்கமும் அதே இனம்தான்.

இந்த வகைக் கல்லில் நான் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவள். முன்பு வேறோர் இடத்தில் வாங்கியது இரண்டு கிழமையில் வெறும் றோசாகிப் போனது. திரும்பக் கொண்டுபோனால் "வெளிச்சம் அப்பிடி, மிஸ்" என்றார்கள். சில கல்லில், முக்கியமாக மடகாஸ்கரிலிருந்து வந்த சிலதில், அந்தச் செம்மஞ்சள் நிலையானதல்ல, பகல் வெளிச்சம் பட்டால் இறங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை போனது கொழும்பு செட்டியார் தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில், மாடியில் இருக்கும் சின்னக் கடை. கடைக்காரர் பேருவளை ஆள். வெள்ளைத் தாளை விரித்து ஐந்து கல் வைத்தார். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே ஐந்தும் ஒரே அழகு. அவரே பல்ப்பை அணைத்துவிட்டு, "வாசலுக்கு வந்து பாருங்க தங்கச்சி" என்றார். வாசலில் இரண்டு கல் சாதாரண றோஸ். மூன்றாவதை இடுக்கியால் கவிழ்த்துக் காட்டினார்: செம்மஞ்சள் முழுவதும் அடிமுனையில் ஒரு பொட்டு, மற்றப் பக்கமெல்லாம் வெளுப்பு. நிறம் அடியில் நிற்கும்படி பட்டை தீட்டினால் மேலிருந்து பார்க்கக் கல் முழுக்க நிறம் நிறைந்ததாகத் தெரியுமாம். தன் கல்லின் குறையைத் தானே காட்டும் வியாபாரியை நான் அதிகம் கண்டதில்லை.

எடுத்தது 0.87 கரட், நிறத்தை மாற்றச் சூடுகாட்டாதது, கொஞ்சம் வெளிர். லூப் என்ற சின்ன உருப்பெருக்கியில் பார்த்தால், கல்லுக்குள் ஒரு மூலையில் ஊசி போன்ற மெல்லிய இழைகள் முறியாமல் கிடந்தன. பலமாகச் சூடுகாட்டவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அதை மட்டும் நம்பிக் காசை எண்ணி வைக்காதீர்கள். 2000களின் தொடக்கத்தில் செம்மஞ்சள் நிறம் வரப் பெரிலியம் என்ற தனிமம் சேர்த்துச் சூடாக்கிய கல் சந்தைக்கு வந்து பெரிய வியாபாரிகளே ஏமாந்தார்கள். அதைப் பிடிக்க ஆய்வுகூடம்தான் வேண்டும்.

"நானா, நாலு நாள் வீட்டு யன்னலில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். முற்பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் தந்துவிட்டார். வெள்ளவத்தை வெயிலில் நாலு நாள் இருந்தும் நிறம் அசையவில்லை. பிறகு ஆய்வுகூட அறிக்கை, அதற்குப் பிறகுதான் மிச்சக் காசு. எல்லாமாக நாலு லட்சத்து இருபதாயிரம். பேரம் பேசினேன், ஐயாயிரம்தான் இறங்கினார்.

மோதிர வேலை அவருக்குத் தெரிந்த பத்தரிடம். அங்கேதான் கொஞ்சம் மனத்தாங்கல். அம்மாவின் உடைந்த காப்பில் நாலு கிராம் கொடுத்தேன். 22 கரட் தங்கம் மெது, கல்லைப் பிடிக்கும் நகம் தளரும் என்று 18க்கு இறக்கச் சொன்னார், சரி. வெள்ளைத் தங்கம் போட்டால் றோஸ் தூக்கும், மஞ்சள் பொன்தான் செம்மஞ்சளை எடுத்துக்காட்டும் என்றார், அதுவும் சரி. ஆனால் பத்து நாள் என்றது இருபத்தாறு நாளாயிற்று. முதலில் செய்த நாலு நகமும் அரிசி மாதிரித் தடிப்பு, இந்தச் சின்னக் கல்லின் மூலைகளை மூடிவிட்டது. "அக்கா, மெல்லிசாக்கினா பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் அராவித் தந்தார். இப்போது அழகாக இருக்கிறது. அடியைத் திறந்தே விட்டதால் பல்துலக்கும் பிரஷால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வசதி.

கல்லுக்கு ஐந்துக்கு ஐந்து, வேலைக்கு மூன்று. போவதென்றால் மதியத்துக்கு முன் போங்கள், பின்னேரம் அந்த வாசலில் வெயில் விழாது. மிஞ்சிய பொன்னை நான் கேட்காமலே நிறுத்துத் தாளில் மடித்துத் தந்தார் பத்தர், 0.4 கிராம். மூன்று என்று எழுதியதை அதற்காக மூன்றரை ஆக்குகிறேன்.