பல் பிடுங்கிய பின் வலி: மாத்திரையா, ஒத்தடமா, கிராம்பா?

கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டுப் பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்புபவருக்கு, மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணியும்போதுதான் உண்மையான வலி தெரியவரும். கைக்கு எட்டும் வழிகள் பல இருந்தாலும், பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டியைக் கலைக்காத வழி எது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

மாத்திரைகளில் போட்டி பாராசிட்டமாலுக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும் இடையில்தான். இந்த வலியில் பெரும்பங்கு அழற்சியால் வருவதால், அதையே தணிக்கும் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், ஞானப்பல் எடுத்தவர்களிடம் பாராசிட்டமால் 1000 மில்லிகிராமைவிட நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறு தடை இல்லாதவருக்கு, சாப்பிட்ட பின் போடும் ஐபுப்ரோஃபெனே என் தேர்வு. வலி கடுமையானால் மருத்துவரைக் கேட்டு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பாராசிட்டமாலே பாதுகாப்பானது. அதிலும் ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதைக் கணக்கில் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வலிக்கென்று ஆஸ்பிரின் போடுவது ரத்தக்கசிவை நீட்டிக்கும். ஆனால் இதயத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

ஒத்தடம் என்றாலே வெந்நீரைத் தேடும் நம் வழக்கம் முதல் நாளுக்குப் பொருந்தாது, ஏனெனில் சூடு ரத்தக்கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். முதல் 24 மணி நேரத்தில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கன்னத்தின் மேல் 15 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் இடைவெளி விட வேண்டும். தாடை விறைத்துக்கொண்டு வாய் திறக்கச் சிரமப்படும் பிந்தைய நாட்களில்தான் வெந்நீர் ஒத்தடத்தின் முறை வருகிறது.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் மரமரப்பைத் தருவது மெய்யே. சொத்தைப் பல் வலிக்கு உதவியதே என்று அதைத் திறந்த குழியில் பஞ்சால் அழுத்தினால், சதை எரிவதோடு ரத்தக்கட்டியும் பெயர்ந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் எவ்வளவோ மேல், அதுவும் மறுநாளிலிருந்துதான்: ஒரு தம்ளருக்கு அரைக் கரண்டி உப்பைக் கலந்து, வேகமாகக் கொப்பளிக்காமல், தலையைச் சாய்த்து வாயில் நிறுத்தித் தானாக வழியவிட வேண்டும். ஐஸ்கிரீம் தாராளமாகச் சாப்பிடலாம், கரண்டியால் மட்டும். ஸ்ட்ராவால் உறிஞ்சுவதும் புகைபிடிப்பதும் ரத்தக்கட்டிக்கு ஆபத்து.

குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி ஏறி, காதுவரை பரவி, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால் அது பெரும்பாலும் ‘ட்ரை சாக்கெட்’, அதாவது ரத்தக்கட்டி பெயர்ந்து குழி வெறுமையாகிவிட்ட நிலை. அப்போது குழியைக் கழுவி மருந்து வைக்கப் பல் மருத்துவரிடமே போக வேண்டும்.