பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைக்கும் ஓர் ஆங்கில வகுப்பு: சேலம், அழகாபுரம்

சேலத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் இடங்களுக்குக் குறைவில்லை. ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை போனால், ஸ்போக்கன் இங்கிலீஷ், ஃபோனிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, அபாகஸ் ஆகிய நான்கையும் ஒரே பலகையில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை பெற்றோர் முன்னால் பிள்ளையை மேடையேற்றுவதையே இலக்காக வைத்திருப்பவை. சில மாதங்களில் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு பத்தியை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம் நேற்று மாலை என்ன செய்தாய் என்று நான்கு வரி எழுதச் சொன்னால் பென்சில் நகராது. அழகாபுரத்தில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் மாலை வகுப்பு இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. அதற்குப் பலகையும் இல்லை, பெயரும் இல்லை. தெருவில் அதை 'மாடி டியூஷன்' என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி மகனும் ஒரு கல்வியாண்டு முழுவதும் அங்கே படித்திருக்கிறார்கள். ஆசிரியையின் அனுமதியோடு பின்வரிசையில் உட்கார்ந்து சில வகுப்புகளை நானும் கவனித்தேன்.

வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்தரை மணிக்கு மேல், ஒன்றேகால் மணி நேரம் வகுப்பு நடக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குழு. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு குழு. மாதக் கட்டணம் 800 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிதான். மெட்ரிக் பள்ளியிலும் சிபிஎஸ்இ பள்ளியிலும் படிப்பவர்களோடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலத்திற்கும் பயிற்சி நூல் கொடுப்பதால், அந்தப் பிள்ளைகள் படம் பார்த்துச் சொல் எழுதும் பழக்கத்தோடு வருகிறார்கள் என்றும், மெட்ரிக் பிள்ளைகளுக்குச் சொல் நிறையத் தெரிந்திருந்தாலும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் திணறுகிறார்கள் என்றும் ஆசிரியை என்னிடம் சொன்னார். நான் பார்த்த அளவில் அது சரியாகவே பட்டது.

வாக்கிய அமைப்பை அவர் தொடங்கும் விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற இடங்களிலிருந்து இந்த வகுப்பு பிரிவது அங்கேதான். நவுன் என்றால் என்ன, வெர்ப் என்றால் என்ன என்ற வரையறை எதுவும் முதல் பருவத்தில் கிடையாது. மூன்று பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிறுத்தி, ஒருவர் கையில் 'நாய்', அடுத்தவர் கையில் 'பூனையை', மூன்றாமவர் கையில் 'துரத்தியது' என்ற அட்டைகளைக் கொடுக்கிறார். வகுப்பு உரக்கப் படிக்கிறது. பிறகு முதல் இருவரையும் இடம் மாறி நிற்கச் சொல்கிறார். 'பூனையை நாய் துரத்தியது' என்று படித்ததும், துரத்தியது யார் என்று கேட்கிறார்; நாய்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏனென்றால் 'ஐ' என்னும் உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் கூடவே போகிறது. அடுத்து ஆங்கில அட்டைகள் கைக்கு வருகின்றன. துரத்தும் சொல்லை வைத்திருக்கும் பிள்ளை கடைசியிலிருந்து நடுவுக்கு வந்து நிற்க, 'தி டாக் சேஸ்டு தி கேட்' என்று படிக்கிறார்கள். இப்போது நாயும் பூனையும் இடம் மாறினால், பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் செய்கிறது என்பதை, அந்தச் சொற்களில் சொல்லாமலே, எட்டு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. வேற்றுமை என்ற பெயரைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் சந்திக்கும்போது அந்தப் பிள்ளைக்கு அதுவும் எளிதாகும் என்று நினைக்கிறேன்.

இதே போக்கில்தான் மற்றப் பிழைகளையும் அவர் அணுகுகிறார். பிள்ளை தப்பாக எழுதுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தமிழில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. 'அவர் டாக்டர்' என்று தமிழில் சொல்வதற்கு நடுவில் வேறு சொல் தேவையில்லை. ஆகவே பிள்ளை 'ஹி டாக்டர்' என்று எழுதுகிறது. 'பத்து மாம்பழம் வாங்கினோம்' என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம்; ஆகவே 'டென் மேங்கோ' என்று வருகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசி வந்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்திலோ அவரே எழுவாயாகி 'ஐ ஆம் ஹங்கிரி' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதையும் இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிப்பதால்தான் 'டெய்லி ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல்' என்ற வாக்கியம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுதும் நோட்டில் ஓயாமல் வருகிறது. அலுவலகக் கடிதங்களிலும் வருகிறது என்பது வேறு விஷயம். அவர் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றின் மேல் 'தினமும்' என்றும் மற்றதன் மேல் 'இப்போது' என்றும் எழுதி, வீட்டில் நடக்கும் காரியங்களைப் பிள்ளைகளையே பிரித்துப் போடச் சொல்கிறார். அம்மா தினமும் கோலம் போடுவது ஒரு கட்டத்தில்; இந்த நிமிடம் தெருவில் குக்கர் விசில் கேட்பது மறு கட்டத்தில். டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது மெதுவாகப் போகும் வழி, ஆனால் நிற்கும் வழி.

படர்க்கை ஒருமையில் வினைச்சொல்லுக்குப் பின்னால் சேரும் 'எஸ்' எழுத்தைப் பிள்ளைகள் விடுவது எல்லா ஆசிரியர்களும் அலுத்துக்கொள்ளும் விஷயம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கு ஏற்பத் தமிழ் வினை எத்தனை முறை மாறுகிறது என்று அவர் எண்ண வைக்கிறார். 'நம்ம தமிழ்ல இத்தனை வாலைச் சரியா ஒட்டற நீங்க, இங்கிலீஷ்ல ஒரே ஒரு வாலை ஒட்டறதுக்கு ஏன் கண்ணு சோம்பல்?' என்று அவர் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த பையன், 'மிஸ், அது ரொம்பச் சின்னதா இருக்கு, மறந்துடுது' என்றான். உண்மையில் அதுதான் காரணம்.

'எ', 'ஆன்' இரண்டையும் அவர் சொல்லித் தருவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்', உயிர்மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஒரு' என்று தமிழில் இருக்கும் முறையை நினைவூட்டிவிட்டு, ஓர் ஊர், ஒரு வீடு, ஆன் ஆப்பிள், எ மேங்கோ என்று அடுத்தடுத்துச் சொல்ல வைக்கிறார். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, காதில் விழும் ஒலியை என்பதால்தான் 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்) என்றும் 'எ யூனிவர்சிட்டி' என்றும் வருகிறது என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு மட்டும் அவர் விதி சொல்வதில்லை; நோட்டில் பார்க்கும்போது திருத்திவிட்டுப் போய்விடுகிறார். தமிழில் அதற்கு இணையான தனிச்சொல் இல்லாத நிலையில், இந்த வயதில் அதை விதியாகச் சொல்லிக் குழப்புவதைவிட அது மேல் என்பது என் கருத்தும்.

எழுத்துப் பயிற்சிக்கு வருவோம். நான்கு கோடு நோட்டில் அழகாகப் பார்த்து எழுதுவது முதல் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் பெயர்களையும் வாக்கியத் தொடக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கம் வரும்வரை அதற்கு மட்டும் தனிக் கவனம் கொடுக்கிறார்கள். அதன் பிறகு எழுதுவதெல்லாம் சொந்தச் சரக்கு. இளைய குழு ஒரு படத்திற்கு ஒரு வாக்கியத்தில் தொடங்கி ஆண்டு இறுதியில் ஐந்தாறு வாக்கியங்களுக்கு வருகிறது. மூத்த குழு ஒரு பத்தி எழுதுகிறது. தலைப்புகள் இந்த ஊரின் தலைப்புகள். தட்டுவடை செட் எப்படிச் செய்வது என்று எழுதச் சொன்னால், ஒரு தட்டுவடையை வை, சட்னி தடவு, துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் வெங்காயத்தையும் போடு, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடு என்று கட்டளை வாக்கியங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' என்ற இணைப்புச் சொற்களும் தேவைப்பட்டு உள்ளே வருகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவரின் மகள் கொலுசுக்கு எப்படிச் சலங்கை வைத்துப் பற்றவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். பற்றவைப்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள், ஆசிரியை அதை அடிக்காமல் பக்கத்தில் சரியான சொல்லை எழுதிக் கொடுத்திருந்தார்.

இறந்த காலத்திற்கு ஏற்காடு. மலைக்குப் போகாத சேலத்துப் பிள்ளை குறைவு என்பதால் எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் யார் வாந்தி எடுத்தார்கள், ஏரியில் படகு ஏறியபோது யார் அழுதார்கள், சேர்வராயன் கோயில் குகைக்குள் ஏன் குனிந்து போனார்கள் என்று எழுதும்போது 'வென்ட்', 'சா', 'கேம்', 'ஃபெல்' போன்ற, விதிக்கு அடங்காத வினைகளெல்லாம் தேவையோடு வந்து பழகிவிடுகின்றன. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதியவர்களிடம், இறந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டதே, மறுபடி எதற்கு என்று ஒரே கேள்வி.

நோட்டுத் திருத்தும் முறையில்தான் சில பெற்றோருக்கு வருத்தம். ஒரு பக்கத்தில் ஒருவகைப் பிழையை மட்டும், அதுவும் பென்சிலால் வட்டமிடுகிறார். அந்த வாரம் வினைமுற்று என்றால் வினைமுற்று மட்டும்தான். எழுத்துப்பிழைகள் அப்படியே இருக்கின்றன. கொடுத்த காசுக்கு நோட்டு முழுவதும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது அலட்சியமாகத் தெரியும். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புக் கோடு பார்க்கும் பிள்ளை அடுத்த முறை மூன்று வரியோடு நிறுத்திக்கொள்ளும் என்பதை என் தம்பி மகன் முன்பு சென்ற வேறொரு டியூஷனில் பார்த்திருப்பதால், நான் ஆசிரியையின் பக்கம்.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. முதலாவது, வாசிப்பு மிகவும் குறைவு. பிள்ளைகள் கையில் கொடுக்கக் கதைப் புத்தகங்கள் ஓர் அலமாரித் தட்டுக்கு மேல் இல்லை, வீட்டுக்கும் கொடுப்பதில்லை. எழுதுவதற்குத் தேவையான சொல்லும் வாக்கிய ஓசையும் வாசிப்பிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்? ஆண்டின் பிற்பகுதியில் என் மகளின் வாக்கியங்கள் சரியாக இருந்தனவே தவிர எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே அமைப்பில் இருந்தன. அதற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். இரண்டாவது, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சொல்லித் தருவதில்லை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழியில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை இந்த வகுப்பில் பின்தங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாக உட்கார்த்தி வைத்துக் கவனிக்க உதவிக்கு இருக்கும் இளம் ஆசிரியை ஒருவரால் முடிவதில்லை. மூன்றாவது, மூத்த குழு பெருத்துவிட்டது. நோட்டுகள் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகின்றன. எழுதியதைப் பிள்ளை மறந்த பிறகு வரும் திருத்தத்தால் பயன் பாதிதான்.

தகரக் கூரை போட்ட மாடி என்பதால் மார்ச் மாதத்திலேயே வெக்கை தாங்க முடியவில்லை. இரண்டு மின்விசிறிகள் அனலைத்தான் சுற்றிவிடுகின்றன. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை விடுமுறை. வண்டி நிறுத்த இடம் இல்லை, தெருவும் குறுகல்.

பள்ளித் தேர்வுக்கு இலக்கண வரையறைகளும் கோடிட்ட இடங்களும் நிரப்பிப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றை இங்கே தொடுவதே இல்லை, பள்ளியில் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார் ஆசிரியை. முதல் இடைத்தேர்வில் என் மகளுக்கு ஆங்கில மதிப்பெண் கூடவில்லை. பிந்தைய தேர்வில் கட்டுரைப் பகுதியில் மட்டும் கூடியது. ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் படித்தால்தான் ஆங்கிலம் வசப்படும் என்ற எண்ணம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. நாள் முழுவதும் அந்த மொழியிலேயே புழங்குவதால் வரும் சரளத்தை வாரத்தில் மூன்று மாலை வகுப்பு தராது. அதைத் தருவதாக ஆசிரியையும் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை, தான் நினைத்ததை ஆங்கிலத்தில் பயமில்லாமல் ஒரு பத்தி எழுதும் நிலைக்கு ஓராண்டில் வருகிறது. 800 ரூபாய்க்கு அது நியாயமான பலன்.

மூன்றாம், நான்காம் வகுப்பில் இருக்கும், ஓரளவு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையை முதலில் வாசிப்பில் தேற்றிவிட்டு அனுப்புவது நல்லது. மூத்த குழுவில் சேர்ப்பவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். சேர்க்கை ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே, நடுவில் சேர்ப்பதில்லை. பிள்ளையோடு நேரில் போக வேண்டும், நான்கு கோடு நோட்டும் பென்சிலும் கொண்டுபோக வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார், பக்கத்தில் பெற்றோர் நின்று சொல்லிக் கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்.