கார் கண்ணாடிக்கு எது ஏற்றது: வீட்டுக் கலவையா, கடைக் கிளீனரா?

கார் கண்ணாடியைத் துடைக்க வீட்டிலேயே கலந்துகொள்ளும் வினிகர் கரைசல் போதுமா, கடையில் விற்கும் கிளீனரைத்தான் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் செலவை மட்டும் வைத்தே விடை சொல்லப்படுகிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிவதும் உட்புறத்தில் படிவதும் ஒரே அழுக்கு அல்ல என்பதைக் கவனித்தால், இரண்டில் எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும்.

முதலில் வெளிப்புறத்தை எடுத்துக்கொள்வோம். புழுதியும் பூச்சிக் கறையும் சோப்பு நீரிலேயே போய்விடும். அவற்றுக்காக இந்த ஒப்பீடே தேவையில்லை. சிக்கல் தருவது உப்புக்கறைதான். கடின நீரில் கழுவிய காரை வெயிலில் காயவிட்டால், நீர் ஆவியாகி, அதிலிருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெள்ளை வளையங்களாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. இங்கே வினிகரின் கை ஓங்கியிருக்கிறது. அதிலுள்ள சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, அதை நீரில் கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட்டாக மாற்றிவிடுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிக் கிளீனர்களில் பெரும்பாலானவை அமிலத்தன்மை அற்றவை. ஆகவே எத்தனை முறை தெளித்துத் துடைத்தாலும் வளையம் அப்படியே இருக்கும். வினிகரும் நீரும் சம அளவில் கலந்த கரைசலில் ஒரு துணியை நனைத்து, கறையின் மேல் சில நிமிடங்கள் ஒட்டிவைத்து எடுத்தால், புதிய கறை துணியோடு வந்துவிடும். கண்ணாடி நன்றாக உலர்ந்த பிறகும் அதே இடத்தில் வளையம் மங்கலாகத் தெரிந்தால், அது சிலிக்கா படிவாகவோ கண்ணாடியே அரிக்கப்பட்ட தடமாகவோ இருக்கலாம். அதற்கு வினிகரும் உதவாது, வழக்கமான கிளீனரும் உதவாது. சீரியம் ஆக்சைடு பாலிஷ் கொண்டு தேய்க்க வேண்டிய வேலை அது. வினிகர் வழிந்து பெயின்ட் மீதோ உலோகப் பட்டைகள் மீதோ தேங்கினால் உடனே நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

உட்புறத்தின் கதை வேறு. புகைபிடிக்காதவரின் காரிலும் முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய மங்கல் படிந்துகொண்டே இருக்கும். டேஷ்போர்டு போன்ற பிளாஸ்டிக் பாகங்களை வளைந்துகொடுக்கச் செய்யும் சேர்மங்கள் வெப்பத்தில் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் படிவது இதற்கு முக்கியக் காரணம். கை பட்ட எண்ணெயும் மூச்சுக்காற்றின் ஈரமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. பகலில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் கண்ணாடி முழுவதும் வெண்புகைபோல் பரவி நிற்கும். இது எண்ணெய்த்தன்மை கொண்டது என்பதால், வினிகர் மட்டும் கலந்த நீர் இதை அகற்றாமல் இழுகித் தேய்த்துவிடுகிறது. வீட்டுக் கலவை கோடு விழ வைக்கிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைக் கிளீனர் இங்கே வெல்வதற்கு அதன் உட்பொருள்களே காரணம். பாட்டிலின் பெரும்பகுதி நீர்தான் என்றாலும், அதனுடன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கிளைக்கால் ஈதர் வகைக் கரைப்பான், மிகச் சிறிதளவு பரப்பு இழுவிசை குறைப்பான் ஆகியவை பொதுவாகச் சேர்க்கப்படுகின்றன. எண்ணெயைக் கரைப்பதும், துடைத்தபின் தடமின்றி ஆவியாவதும் இவற்றின் வேலை. ஆனால் ஆல்கஹாலைச் சேர்த்தால் வீட்டுக் கலவையும் ஏறக்குறைய இதே நிலைக்கு வந்துவிடும். ஒரு கோப்பை நீர், ஒரு கோப்பை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் என்ற பரவலான கலவை, உட்புற மங்கலுக்கு எதிராகக் கடைச் சரக்குக்குச் சற்றேதான் பின்தங்குகிறது. நீர் மட்டும் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். குழாய் நீரில் கலந்தால், அகற்ற நினைத்த உப்பையே மறுபடியும் பூசுகிறோம்.

இணையத்தில் சுற்றும் எல்லாச் செய்முறைகளுக்கும் இந்தப் பாராட்டு பொருந்தாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்கும் முறை நுரைத்து எழுவதால் ஆற்றல் மிக்கதாகத் தோன்றுகிறது. உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்து, கரியமில வாயுவும் சோடியம் அசிட்டேட் கலந்த நீருமே மிஞ்சுகின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் அதன் எச்சமே புதிய படலமாகிவிடும். சோளமாவு கலந்த கரைசல் கண்ணாடியை ஓரளவு மெருகேற்றும் என்பது சரிதான். ஆனால் ரப்பர் பீடிங்கின் இடுக்கில் புகுந்து உலரும் வெள்ளை மாவைச் சுரண்டி எடுப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி என்றால் முதலில் பார்க்க வேண்டியது அம்மோனியா. ஃபிலிம் பெரும்பாலும் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படும் பாலியெஸ்டர் தாள். அம்மோனியா அதன் சாயத்தையும் பசையையும் காலப்போக்கில் கெடுக்கும் என்பதால் ஃபிலிம் தயாரிப்பாளர்களே அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வீட்டுக் கண்ணாடிகளுக்கென விற்கப்படும் கிளீனர்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. கார்களுக்கென விற்கப்படுபவற்றில் பல, அம்மோனியா அற்றவை என்று லேபிளிலேயே குறிப்பிடுகின்றன. இந்த உறுதிமொழிதான், என் பார்வையில், கடைக் கிளீனருக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு உண்மையான நியாயம். அதனால் ஃபிலிம் ஒட்டிய காரின் உட்புறத்துக்கு அம்மோனியா அற்ற கடைக் கிளீனரையும், வெளிப்புற உப்புக்கறைக்கு வினிகர் கரைசலையும் வைத்துக்கொள்வேன். ஃபிலிம் இல்லாத காருக்கு ஆல்கஹால் கலவையே போதும். எதுவானாலும் உட்புறத்தில் கண்ணாடியின் மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைப்பது நல்லது. மீட்டர் மூடியிலோ தொடுதிரையிலோ தெறிக்கும் கரைப்பான் அவற்றின் பிளாஸ்டிக்கையும் மேற்பூச்சையும் பாழாக்கலாம்.

துடைக்கும் துணி, திரவத்தைவிடப் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. ஒரு மைக்ரோஃபைபர் துணியால் அழுக்கை எடுத்து, உலர்ந்த இன்னொன்றால் முடிக்க வேண்டும். துணியைத் துவைக்கும்போது மென்மையூட்டி சேர்த்தால் அதுவே கண்ணாடியில் படலமாக ஏறும். உட்புறத்தைக் குறுக்காகவும் வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகவும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தது என்பது உடனே தெரிந்துவிடும். பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிகள் இருந்தால், அவை செல்லும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

வைத்திருக்கும் முறையிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் கலவையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. நுரை வடிவில் வரும் அழுத்தக் குப்பிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டுக் கலவையின் பாட்டிலில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டுவது அவசியம், ஏனென்றால் வினிகர் தவறுதலாக பிளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். வைப்பர் தெளிப்பானின் தொட்டியில் மட்டும் வீட்டுக் கலவையையோ வெறும் நீரையோ நிரப்பாமல், அதற்கென விற்கப்படும் திரவத்தையே ஊற்ற வேண்டும்; தொட்டியில் தேங்கும் வெறும் நீரில் கடுமையான நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும் என்பதை 2010-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருக்கிறது.