கிருஷ்ணகிரியில் ஹப் பேரிங் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டி கம்பெனியுடையது, உள்ளே இருப்பது போலி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டிலேயே கார் வேலை பார்க்கிறவர்கள், முன் சக்கர ஹப் பேரிங் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடுகிற குண்டு வளையம்) வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எல்லோரும் நம்பிப் போகிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கம்பெனிப் பெட்டியில் போட்டு எங்களுக்குப் போலி பேரிங்கை விற்றுவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை விடாமல் எழுதுகிறேன். அதே பெட்டிகள் அந்த அலமாரியில் இன்னும் இருக்கின்றன.

எங்களுடையது பழைய ஸ்விஃப்ட். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்னால் இடப்பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் வரும். வண்டியை வலப்பக்கம் வளைத்தால் அது கூடும், இடப்பக்கம் வளைத்தால் அடங்கும். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழுவதால் இப்படி. டயர் சத்தமா பேரிங் சத்தமா என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். அப்புறம் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் நறநறவென்று கைக்குத் தெரியும். எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

நானும் தம்பியும் நக்கிளை (பேரிங் உட்கார்ந்திருக்கிற இரும்புப் பாகம்) மொத்தமாகக் கழற்றி எடுத்தோம். எங்கள் வண்டியில் பேரிங் நக்கிளுக்குள் இறுக்கமாக ஏற்றி, சர்க்கிளிப் என்ற பூட்டு வளையம் போட்டுப் பூட்டியிருக்கும். சுத்தியால் அடித்து மாற்றுகிற வேலை இல்லை அது, அழுத்தி ஏற்றுகிற பிரஸ் மெஷின் வேண்டும். அதனால் நக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். ‘பேரிங் நம்மகிட்டயே எடுத்துக்குங்கண்ணா, பின்னாடியே பிரஸ் இருக்கு, கூலி வேணாம்’ என்றார் கடைக்காரர். 1,500 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் இருந்தது. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் கூட ஆகும் என்று சொல்லி ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் ‘பேரிங் 1’ என்று எழுதிக் கொடுத்தார். பணத்தை கூகுள் பேயில் அனுப்பினோம். காலிப் பெட்டியையும் தம்பி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

பிரஸ் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தோம், அதில் குறை சொல்ல மாட்டேன். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளி ரேஸில், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். சக்கரம் மாட்டுகிற ஹப்பை ஏற்றும்போது உள் ரேஸுக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் பால்ஸ் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழுந்துவிடும். அதைச் சரியாகத்தான் செய்தார்கள். வீட்டுக்கு வந்து புது ஆக்சில் நட் போட்டு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கிய பிறகுதான் வண்டியை நகர்த்தினோம்.

மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. குடும்பத்தோடு சேலம் போகும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில், ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுகிற அந்த இறக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவது எவ்வளவு பயம் என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். இடது சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியாத சூடு. வலது சக்கரத்தில் அப்படி இல்லை.

மறுபடி கழற்றிப் பார்த்தோம். சீலுக்குள் கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கருப்பாகக் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்குதான். உள் ரேஸ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. வெளி வளையத்தில் இருந்த கம்பெனிப் பெயரையும் எண்ணையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தான் தம்பி. எழுத்து துணியோடு வந்துவிட்டது! பெட்டியில் ஒரு நாட்டின் பெயர், வளையத்தில் வேறு நாட்டின் பெயர். பெட்டியையும் பேரிங்கையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினோம். இது எங்கள் பொருள் இல்லை என்று பதில் வந்தது.

கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள்: ‘வீட்ல கழட்டி மாட்டினா இப்படித்தான் ஆகும். நட்டைச் சரியா இறுக்காம விட்டிருப்பீங்க.’ நட் தளர்ந்தால் பேரிங் போகும் என்பது உண்மைதான். ஆனால் தளர்ந்த நட் கம்பெனிப் பெயரை அழித்து எழுதாது. வீட்டில் வேலை பார்க்கிறவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்பதுதான் இவர்களுக்குத் தைரியம்.

எஸ்கேஎஃப் பேரிங் என்றால் ‘எஸ்கேஎஃப் ஆதென்டிகேட்’ என்ற செயலியில் படம் அனுப்பி நிஜமா போலியா என்று கேட்கலாம், இலவசம். மற்ற பெரிய கம்பெனிகளிடமும் இப்படி வழி இருக்கிறது. பிரஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏற்றிவிட்டால் அந்த எழுத்தைப் பார்க்கவே முடியாது. கவுண்டரிலேயே பெட்டியை உங்கள் கையால் பிரியுங்கள். ஜிஎஸ்டி பில்லில் பிராண்டும் பார்ட் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. போலி முத்திரைப் பொருளை விற்பது 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. பில் இல்லாத எங்களுக்கு கூகுள் பே பதிவும் அந்த எஸ்டிமேட் சீட்டும் பெட்டியும்தான் சாட்சி.

போன வாரம் கடையிலிருந்து ஆள் வந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். பணம் இருக்கட்டும், அலமாரியில் இருக்கிற மீதிப் பெட்டிகளைக் கடைக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டு வரச் சொன்னேன். இதுவரை பதில் இல்லை.